மேய்ச்சல் நிலத்தில் ஓர் ஆடுகளம்

(பச்சைமலை அடிவாரத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



உள்ளூர் வரலாற்றுக்கென்று ஏற்படுத்திய சொற்பொழிவு இது. இதில் நான் எடுத்துக்கொண்டிருப்பது ஏறக்குறைய மறைந்தேபோன ஒரு கிராமக் கோல்ஃப் கழகத்தின் வரலாறு. அந்தக் கிராமம் ஸ்காட்லாந்துக்கு மேற்கே, அட்லாண்டிக் கடலில், காற்றின் வேகத்தில் மரங்கள் ஓங்கி வளர முடியாத ஒரு தீவில் இருக்கிறது. ஊட்டி, கொடைக்கானல் போலப் பச்சைமலை வெள்ளையரின் கோடைவாழிடமாக ஆனதில்லை. அப்படியிருக்க, இங்கே நின்று கோல்ஃபைப் பேசுவானேன் என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் கழகத்தின் கதைக்குள் போனால் நாம் போய்ச் சேருவது மேய்ச்சல் நிலத்தில். மேய்ச்சல் நிலத்தின் கதை இந்த மலையின் வண்ணாடு, கோம்பை, தென்பரநாடு மக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டிய கதை இல்லை.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. ஒரு கழகம் தோன்றிய ஆண்டையும் கலைந்த ஆண்டையும் எழுதிவிட்டால் அதன் வரலாறு முடிந்துவிடாது. அது நின்ற நிலம் முன்பு யாருடைய கையில் இருந்தது, கழகம் போன பிறகு யாருடைய கைக்குப் போனது என்பதையும் எழுத வேண்டும். இந்தக் கேள்வி இல்லாமல் எழுதப்படும் கழக வரலாறு உறுப்பினர் பட்டியலாகவும் கோப்பைப் பட்டியலாகவும் நின்றுவிடும்.

பொதுநிலத்தில் பிறந்த ஆட்டம்

கோல்ஃப் என்றதும் நம் மனத்தில் வருவது வேலி, காவலாளி, சந்தா, சீருடை. ஆனால் அந்த ஆட்டம் பிறந்தபோது அதற்கு வேலி கிடையாது. ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில், கடலுக்கும் விளைநிலத்துக்கும் நடுவே, உழவுக்கு உதவாத மணல்மேடுகள் உண்டு. குட்டைப் புல் முளைத்த அந்த மேடுகளில் ஆடு மேயும், முயல் வளை தோண்டும், ஊரார் துணி உலர்த்துவார்கள், இளைஞர்கள் பந்தடிப்பார்கள். 1457இல் ஸ்காட்லாந்து மன்னர் இரண்டாம் ஜேம்ஸின் ஆட்சியில் நாடாளுமன்றம் கோல்ஃபையும் கால்பந்தையும் தடை செய்தது. வில்வித்தை பழக வேண்டியவர்கள் பந்தின் பின்னால் ஓடுகிறார்கள் என்பது காரணம். தடை போடுமளவுக்குச் சாதாரண மக்கள் ஆடிய ஆட்டம் அது.

செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். 1552இல் பேராயர் ஜான் ஹாமில்டன் ஓர் ஆவணத்தில் கையொப்பமிட்டார். கடற்கரை மணல்வெளியில் முயல் வளர்க்கும் உரிமை அவருக்கு. அதே வெளியில் கோல்ஃபும் கால்பந்தும் ஆடும் உரிமை ஊராருக்கு. ஒரே நிலம், பல உரிமைகள். உலகக் கோல்ஃபின் தலைமைப் பீடமாகக் கருதப்படும் அந்தத் திடல் இன்றைக்கும் தனியார் கழகத்தின் சொத்து ஆகவில்லை. பழைய திடலில் ஞாயிற்றுக்கிழமைகளில் வழக்கமாக ஆட்டம் கிடையாது; ஊரார் குழந்தைகளோடும் நாய்களோடும் உலாவுகிறார்கள்.

விதிகள் 1744இல் எடின்பரோ பக்கத்து லீத்தில் முதன்முதலாக எழுதப்பட்டன. அதன் பிறகு சங்கம் வந்தது, கோப்பை வந்தது, கழகக் கட்டடம் வந்தது, கடைசியில் வேலியும் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ரயில் பெருகியபோது பிரிட்டனின் கிராமம்தோறும் ஒன்பது குழித் திடல்கள் முளைத்தன. பண்ணையாரின் மேய்ச்சல் நிலத்தை வாடகைக்கு எடுத்து, ஆடுகளையே புல்வெட்டும் கருவியாக வைத்துக்கொண்டு, பாதிரியாரும் மருத்துவரும் பள்ளி ஆசிரியரும் சேர்ந்து நடத்திய சின்னச் சின்னக் கழகங்கள் அவை. இரண்டு உலகப் போர்களின்போதும் உணவுத் தட்டுப்பாடு வந்தது. பல திடல்கள் உழப்பட்டன, வேறு பல விமானத் தளங்களாயின. டர்ன்பெரி போன்ற பேர்பெற்ற திடலே இரு போர்களிலும் விமானத் தளமாகிப் பிறகு மீட்கப்பட்டது. பணமும் புகழும் இல்லாத கிராமக் கழகங்களில் மிகப் பல அப்படியே மறைந்தன. அப்படி மறைவின் விளிம்புக்குப் போனவற்றுள் ஒன்றுதான் நான் சொல்ல வந்த அஸ்கர்னிஷ்.

அஸ்கர்னிஷ்

வெளி ஹெப்ரிடீஸ் தீவுக்கூட்டத்தில் தெற்கு யூயிஸ்ட் ஒரு தீவு. மக்கள் பேசுவது கேலிக் மொழி. தீவின் மேற்குக் கரை நெடுக, கடல் அள்ளிக் கொட்டிய சிப்பித் தூள் மணலில் வளமான புல்வெளி படர்ந்திருக்கிறது. அதை அவர்கள் மாக்கர் என்கிறார்கள். கோடையில் அங்கே பூக்காத பூவில்லை. குடியானவர்கள் அதில் முறை வைத்து ஓட்ஸும் ரை தானியமும் விதைப்பார்கள். குளிர்காலத்தில் ஆடுமாடுகளை மேயவிடுவார்கள். கடற்பாசியை அள்ளிவந்து எருவாகப் போடுவார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் கையளவு சொந்தப் பயிர்நிலம், எல்லோருக்கும் சேர்த்து ஒரு பொது மேய்ச்சல். கிராஃப்டர் எனப்படும் சிறு குத்தகைக் குடியானவரின் வாழ்க்கை இந்த இரண்டின் மேல்தான் நிற்கிறது.

1838இல் கர்னல் ஜான் கார்டன் என்ற பெருஞ்செல்வர் அந்தத் தீவை விலைக்கு வாங்கினார். உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்து பஞ்சம் வந்த ஆண்டுகளில், வாடகை தராத குடிகளை அவர் கப்பலேற்றிக் கனடாவுக்கு அனுப்பினார். 1851ஆம் ஆண்டில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். விருப்பமில்லாதவர்களையும் பிடித்து ஏற்றியதாக அன்றே குற்றச்சாட்டு எழுந்தது. ஆட்கள் போன இடத்தில் பெரிய பண்ணைகள் வந்தன. அஸ்கர்னிஷ் அத்தகைய பண்ணைகளில் ஒன்று.

கர்னலின் மகனும் இறந்த பின், 1878இல் சொத்து மகனின் மனைவியான எமிலி கார்டன் கேத்கார்ட் சீமாட்டியின் கைக்கு வந்தது. அவர் தீவில் வாழவில்லை, தொலைவிலிருந்து ஆண்டார். தீவுக்கு வெளியூர்க்காரர்களை வரவழைக்க ஒரு கோல்ஃப் திடல் வேண்டும் என்று அவர் நினைத்தார். 1891இல் மூத்த டாம் மோரிஸ் அழைத்துவரப்பட்டார். செயின்ட் ஆண்ட்ரூஸ் திடலின் காவலர் அவர். பிரிட்டிஷ் ஓப்பன் போட்டியை 1861, 1862, 1864, 1867 ஆகிய ஆண்டுகளில் வென்றவர். தீவுக்கு வந்தபோது எழுபது வயது. உடன் வந்தவர் பிரிட்டிஷ் அமெச்சூர் பட்டத்தை இருமுறை வென்ற ஹோரேஸ் ஹட்சின்சன். மணல்மேடுகளை நடந்து பார்த்து, பதினெட்டுக் குழிகளுக்கு இடம் குறித்துக் கொடுத்துவிட்டு மோரிஸ் போனார். அந்தக் காலத்தில் மண்வாரி இயந்திரம் கிடையாது. நிலம் எப்படிக் கிடந்ததோ அப்படியே திடல்.

கழகத்தின் வரலாற்றை வழக்கமாக எழுதுகிறவர் இந்த இடத்தில் மோரிஸின் மேதைமையைப் பாடிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுவார். நாம் இங்கே சற்று நிற்க வேண்டும். 1891 என்பது எப்படிப்பட்ட காலம்? அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்புதான், 1883இல், ஸ்காட்லாந்தின் குடியானவர் நிலைமையை விசாரிக்க ஓர் அரச ஆணையம் அமைந்தது. தெற்கு யூயிஸ்டுக்கும் வந்து அது சாட்சியம் கேட்டது. மீனவரும் உழவரும் மேடையேறி, தங்கள் தாத்தா காலத்து மேய்ச்சல் எங்கே போயிற்று என்று எழுத்தில் பதிவாகும்படி சொன்னார்கள்.

அந்த ஆணையத்தின் தலைவர் பெயர் நமக்கு அந்நியம் இல்லை. நேப்பியர் பிரபு. 1866 முதல் 1872 வரை சென்னை மாகாணத்தின் ஆளுநராக இருந்தவர். கூவம் கடலில் சேருமிடத்தில் பாலத்துக்குப் பெயர் தந்தவர். திருவனந்தபுரத்து அருங்காட்சியகமும் அவர் பெயரில்தான் இருக்கிறது. நம் ஊர்களை ஆண்டு திரும்பிய அதே மனிதர் ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் ஊர் ஊராகப் போய்க் குடியானவர் சொல்வதைக் கேட்டார். ஊர்ச் சமுதாயத்தையும் அதன் பொது மேய்ச்சலையும் சட்டம் அங்கீகரிக்க வேண்டும் என்று அவரது அறிக்கை பரிந்துரைத்தது. 1886இல் வந்த கிராஃப்டர் சட்டம் அந்தப் பரிந்துரைகளை எல்லாம் ஏற்கவில்லை. ஆனாலும் குடியானவரை நினைத்தபோது வெளியேற்ற முடியாதபடி அவருக்கு நிலைத்த குத்தகை உரிமையைத் தந்தது.

ஆக, நிலம் கேட்டு மக்கள் எழுந்து நின்ற நேரத்தில் சீமாட்டி தம் பண்ணையில் திடல் போட்டார். இதே சீமாட்டியின் ஆட்சிக்கு உட்பட்ட வாட்டர்சே தீவில் நிலமில்லாத குடும்பங்கள் புகுந்து குடிசை போட்டபோது, அவர் வழக்குத் தொடுத்தார். 1908இல் பத்துப் பேர் எடின்பரோவில் சிறைவைக்கப்பட்டார்கள். நாடு கொதித்தது. மறு ஆண்டே அரசு வாரியம் அந்தத் தீவை விலைக்கு வாங்கிக் குடியானவருக்குப் பிரித்துக் கொடுத்தது. முதல் உலகப் போருக்குப் பின் அஸ்கர்னிஷ் பண்ணையும் கிராஃப்டர் நிலங்களாகப் பிரிந்தது. கோல்ஃப் திடல் இருந்த மாக்கர் ஊராரின் பொது மேய்ச்சலுக்குள் வந்தது.

அதன் பிறகு கழகம் மெல்லத் தேய்ந்தது. 1930களில் திடலின் ஒரு பகுதி விமானம் இறங்கும் தரையாகப் பயன்பட்டது. பதினெட்டுக் குழிகள் சுருங்கி ஒன்பதாயின. மோரிஸ் குறித்த மணல்மேட்டுக் குழிகள் புல் மூடிக் கிடந்தன. தீவில் சிலர் மட்டும், தட்டையான பகுதியில், ஓய்வு நாளில் ஆடிக்கொண்டிருந்தார்கள். மோரிஸ் வந்தார் என்ற செய்தி வாய்வழியாக மட்டும் பிழைத்திருந்தது.

2005இல் கார்டன் இர்வின் என்ற திடல் வல்லுநர் தீவுக்கு வந்தார். உள்ளூர்க் கழகத்தின் ரால்ஃப் தாம்சன் அவரை அழைத்துப்போய் மணல்மேடுகளைக் காட்டினார். மோரிஸின் வரைபடம் கிடைக்கவில்லை. நிலத்தின் மேடு பள்ளத்தைப் பார்த்து, இங்கே பச்சை மேடை இருந்திருக்க வேண்டும், இங்கிருந்து அடித்திருக்க வேண்டும் என்று அவர்கள் ஊகித்தார்கள். மார்ட்டின் எபர்ட் என்ற வடிவமைப்பாளரும் சேர்ந்துகொண்டார். 2008 ஆகஸ்டில் பதினெட்டுக் குழித் திடல் மீண்டும் திறந்தது. உலகக் கோல்ஃப் இதழ்கள் அதைக் கொண்டாடின.

கிராஃப்டர்களில் சிலர் எதிர்த்தார்கள். பொது மேய்ச்சலில் எங்களைக் கேட்காமல் திடல் போடுவதா என்று கேட்டார்கள். வழக்கு ஸ்காட்லாந்தின் நில நீதிமன்றம் வரை போனது. இந்தக் கேள்வி கேட்கப்பட்டதே பெரிய செய்தி என்று நான் கருதுகிறேன். 1891இல் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் கேட்டவர் குரல் பண்ணை அலுவலகத்தின் வாசலைத் தாண்டியிருக்காது. இப்போது அது நீதிமன்றத்தில் எதிரொலித்தது; ஏனென்றால் நடுவில் ஒரு சட்டம் வந்திருந்தது, பண்ணை உடைந்திருந்தது. இன்னொன்றும் நடந்திருந்தது: 2006இல் தெற்கு யூயிஸ்ட் உள்ளிட்ட ஏறத்தாழ 93,000 ஏக்கர் எஸ்டேட்டைத் தீவு மக்களே ஸ்டோரஸ் யூயிஸ்ட் என்ற நிறுவனத்தின் மூலம் விலைக்கு வாங்கிக்கொண்டார்கள். இன்றைக்கு அந்தத் திடலில் குளிர்காலத்தில் ஆடுமாடுகள் மேய்கின்றன, பூச்சிமருந்து தெளிப்பதில்லை, பூக்கள் வழக்கம்போலப் பூக்கின்றன. ஆட்டமும் மேய்ச்சலும் ஒரே மண்ணில் முறைவைத்து நடக்கின்றன.

நம் பக்கத்துத் திடல்கள்

இப்போது தமிழ் மண்ணுக்கு வருவோம். இந்தியாவில் கோல்ஃப் கழகம் முதலில் தோன்றியது கல்கத்தாவில், 1829இல். பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே மிகப் பழைய கழகம் அதுதான். பிறகு பாளையங்கள், துறைமுகங்கள், மலைவாழிடங்கள், தேயிலைத் தோட்டங்கள் என்று வெள்ளையர் போன இடமெல்லாம் அது போனது. கொழும்பில் 1879, நுவரெலியாவில் 1889, கொடைக்கானலில் 1895. சென்னையில் கிண்டிக் குதிரைப் பந்தயத் தடத்தின் நடுவே ஜிம்கானா கழகத்தின் திடல். ஊட்டியில் ஃபிங்கர்போஸ்ட் பக்கத்துப் புல்வெளியில் இன்னொன்று.

ஊட்டியின் அந்தப் புல்வெளி யாருடையது? தோடர்களின் எருமைகள் தலைமுறை தலைமுறையாக மேய்ந்த நிலம். 1820களில் கோயம்புத்தூர் ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் ஏக்கருக்கு ஒரு ரூபாய் என்று தோடர்களிடமிருந்து நிலம் வாங்கினார். அதன் பிறகு வீடுகள், தோட்டங்கள், பந்தயத் தடம், வேட்டைக் கழகம், கோல்ஃப், சீகை மரமும் தைல மரமும் நட்ட காடுகள் என்று புல்வெளி சுருங்கிக்கொண்டே வந்தது. ஊட்டிக் கழகங்களைப் பற்றிப் புத்தகங்களும் படத்தொகுப்புகளும் நிறைய வந்திருக்கின்றன. ஒவ்வொரு திடலின் அடியிலும் எந்த மந்தின், அதாவது எந்தத் தோடர் குடியிருப்பின், எருமைகள் மேய்ந்தன என்று பெயர் சொல்லும் புத்தகத்தைத் தோடர் வீட்டுப் பிள்ளைகள்தான் எழுத வேண்டியிருக்கிறது.

கொழும்புக் கழகம் முதலில் ஆடியது காலிமுகத்திடலில். ஆளுநர் ஹென்றி வார்டு காலத்தில், 1859இல், நகர மக்கள் உலாவுவதற்கென்று சீரமைத்த கடற்கரை வெளி அது. 1896இல் கழகம் பொரளைப் பக்கம் புதிய திடலுக்குப் போய்விட்டது. காலிமுகத்திடலில் கோல்ஃப் மறைந்தது. வெளி ஊராருக்கே நின்றது. அப்படி நின்றதால்தான் 1956 ஜூன் 5 அன்று, சிங்களம் மட்டும் சட்டத்தை எதிர்த்துச் செல்வநாயகம் தலைமையில் தமிழர்கள் அங்கே அமர்ந்து சத்தியாக்கிரகம் செய்ய முடிந்தது. அவர்கள் அங்கேயே தாக்கப்பட்டார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2022இல் அதே வெளியில் நாடே திரண்டு ஒரு குடியரசுத் தலைவரை ஓட வைத்தது. பந்தடித்தவர்கள் வெளியேறிய ஒரு வெளி, ஒரு நூற்றாண்டுக்குச் சற்று மேலான காலத்தில் இத்தனைக்கு இடம் கொடுத்தது. பொதுநிலத்தின் பயன் இன்னதென்று முன்கூட்டியே எழுதிவைக்க முடியாது. அதைப் பொதுவாக வைத்திருந்தால், தேவை வரும்போது மக்கள் அதன் பயனைக் கண்டுகொள்வார்கள்.

சென்னைக் கிண்டியில் நடப்பது நம் கண்முன் நடக்கும் வரலாறு. 160.86 ஏக்கர் அரசு நிலம் 1946ஆம் ஆண்டு ஆவணப்படி 99 ஆண்டுக் குத்தகைக்குப் பந்தயக் கழகத்துக்குப் போயிருந்தது. ஆண்டு வாடகை 614 ரூபாய்ச் சொச்சம். வாடகையை உயர்த்திய அரசுக்கும் கழகத்துக்கும் நெடுங்கால வழக்கு. 2023இல் 730.86 கோடி ரூபாய் நிலுவையைக் கட்டும்படி சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை முறித்து நிலத்தைக் கையகப்படுத்தியது. பசுமைப் பூங்கா வரும் என்றது. அந்த ஆண்டு மழைக்காலத்தில் கோல்ஃப் திடல் பகுதியில் குளங்கள் வெட்டினார்கள், வேளச்சேரிப் பக்கத்தின் வெள்ளம் தணிவதற்காக. அதே 2024இல் ஊட்டிப் பந்தயத் தடத்தின் 52 ஏக்கரும் அரசின் கைக்கு வந்தது.

இந்த நடவடிக்கைகள் சரியா என்று தீர்ப்புச் சொல்வது நீதிமன்றத்தின் வேலை. வரலாற்று மாணவன் என்ற முறையில் நான் சொல்வது இதுதான்: குத்தகை முடிந்த நிலம் பொதுநிலமாகத் திரும்பினால்தான் அந்த முறிவுக்கு அர்த்தம் உண்டு. அரசிடம் வந்த நிலம் நாளை இன்னொரு பெருங்கட்டடத்துக்குப் போகுமானால், கழகம் மாறியது, வேலி மாறவில்லை என்று ஆகும். குளம் குளமாகவும் பூங்கா கட்டணமில்லாத பூங்காவாகவும் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியவர்கள் குடிமக்கள்.

நம் திருச்சியிலும் காஜாமலைப் பக்கம் ரேஸ்கோர்ஸ் சாலை இருக்கிறது; அந்தச் சாலையில் அண்ணா விளையாட்டரங்கம் இருக்கிறது. மாவட்டம் முழுவதிலிருந்தும் பள்ளிப் பிள்ளைகள் தடகளப் போட்டிக்கு வந்து ஓடும் இடம் அது. பச்சைமலையின் உண்டு உறைவிடப் பள்ளிப் பிள்ளையும் அங்கே போய் ஓடலாம். சீமான்களின் குதிரைப் பந்தயத்தின் பெயர் தாங்கிய சாலையில் குடியானவர் பிள்ளை ஓடுவது நல்ல மாற்றம். அந்த மாற்றம் எந்த ஆண்டில், எந்த அரசாணையால், யாருடைய கோரிக்கையால் வந்தது என்று திருச்சிக் கல்லூரிகளில் ஒருவர் ஆய்வேடு எழுதினால் நான் முதல் ஆளாக வாங்கிப் படிப்பேன்.

பை சுமந்தவர்கள்

நிலத்தைப் போலவே கழக வரலாறுகளில் விடுபட்டவர்கள் உண்டு. திடலில் ஆடியவர்களின் பையைச் சுமந்தவர்கள், புதரில் விழுந்த பந்தைத் தேடி எடுத்தவர்கள், புல் வெட்டியவர்கள். பக்கத்துக் கிராமத்துப் பிள்ளைகள் அவர்கள். பார்த்துப் பார்த்தே ஆட்டத்தைக் கற்றுக்கொண்டார்கள். டெல்லித் திடலில் பை சுமந்த அலி ஷேர் 1991இல் இந்திய ஓப்பனை வென்றார். அதை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அவர். பெங்களூரில் அதே வேலையிலிருந்து எழுந்த முனியப்பா 2009இல் அதே பட்டத்தை வென்றார்.

டர்பன் நகரத்தின் பாப்வா சேவ்கோலம் கதையை நம் பிள்ளைகள் கட்டாயம் அறிய வேண்டும். இந்தியக் கூலிகளின் வழிவந்த அவர் சிறுவயதிலேயே பை சுமக்கப் போனார். கைகளை மாற்றிப் பிடித்து அடிக்கும் பாணி அவருடையது. யாரும் திருத்திக் கற்றுக்கொடுக்காததால் வந்த பாணி. 1959, 1960, 1964 ஆகிய ஆண்டுகளில் டச்சு ஓப்பனை வென்றார். 1963இல் சொந்த ஊரில் நேட்டால் ஓப்பனை வென்றபோது, வெள்ளையர் மட்டும் நுழையலாம் என்றிருந்த கழகக் கட்டடத்துக்குள் அவரை விடவில்லை. வெளியே, மழையில் நின்று கோப்பையை வாங்கினார். அந்தப் புகைப்படம் உலகம் சுற்றியது. தென்னாப்பிரிக்க விளையாட்டின் மீதான புறக்கணிப்புக்கு அதுவும் ஒரு சாட்சியம் ஆனது.

அடித்த பந்துக்குள்ளும் நம்மவர் உழைப்பு இருந்தது. 1848 வாக்கில் வந்த கட்டாபெர்ச்சா பந்து மலாயாக் காட்டு மரத்தின் பாலில் செய்தது. 1899இல் அமெரிக்கர் ஹாஸ்கெல் காப்புரிமை பெற்ற பந்தின் உள்ளே ரப்பர் நூல் சுற்றியிருந்தது. அடுத்த சில பத்தாண்டுகளில் உலகுக்கு ரப்பர் தந்தவை மலாயா, இலங்கைத் தோட்டங்கள். அங்கே விடியற்காலையில் மரம் சீவியவர்களில் திருச்சி, சேலம், தஞ்சாவூர் மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் அழைத்துப்போன நம் ஊர்க் குடும்பங்களும் உண்டு. ஒரு கிராமக் கழகத்தின் கணக்கேட்டில் பந்து வாங்கிய செலவு இருக்கும். அந்தப் பந்தின் வழியே போனால் துறையூர்த் தாலுக்காவிலிருந்து கப்பலேறிய ஒரு குடும்பத்தை நாம் சந்திக்கக்கூடும். உள்ளூர் வரலாறு என்பது ஊர் எல்லையில் முடிந்துவிடுவதில்லை.

பச்சைமலையில் செய்ய வேண்டியது

திருச்சி, பெரம்பலூர், சேலம் ஆகிய மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கும் இந்த மலையில் அஸ்கர்னிஷ் போல ஒரு கழகத்தைத் தேட வேண்டியதில்லை. தேட வேண்டியவை வேறு: ஒவ்வொரு ஊரின் மந்தைவெளி, மேய்க்கால் புறம்போக்கு, களம், வண்டிப்பாதை, பிள்ளைகள் விளையாடிய திடல், பொங்கலுக்கு மாடு விரட்டிய வெளி. இவற்றில் எவை இன்னும் இருக்கின்றன, எவை பட்டாவாயின, எவை காப்புக்காட்டின் எல்லைக்குள் போயின, எவற்றில் மரவள்ளி நட்டிருக்கிறது என்பதை ஊர்வாரியாக எழுத வேண்டும்.

அதற்கான சான்றுகள் இருக்கின்றன. லூயிஸ் மூர் 1878இல் தொகுத்த திருச்சிராப்பள்ளி மாவட்டக் கையேடும், ஹெமிங்வே 1907இல் வெளியிட்ட மாவட்ட விவரச்சுவடியும் இந்த மலையையும் இங்கு வாழும் மலையாளிப் பழங்குடி மக்களையும் ஆட்சியாளரின் கண்ணால் பார்த்து எழுதியவை. 1882ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டத்தின்படி காப்புக்காடு அறிவிக்கும்போது, உரிமை கோருவோர் வந்து சொல்லலாம் என்று அறிவிப்புப் போட்டு, வன நிர்ணய அலுவலர் விசாரித்து எழுதும் முறை உண்டு. அப்படி எழுதிய கோப்புகளில் வழிநடைப் பாதை, மேய்ச்சல், நீர்த்துறை உரிமைகள் பதிவாகியிருக்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் ‘அ’ பதிவேடும் புலப்பட நூலும் உண்டு. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் வருவாய் வாரியக் கோப்புகள் உண்டு. இவற்றோடு ஊர்ப் பெரியவர்களின் வாய்ச்சொல்லையும் வைக்க வேண்டும். ஆடு மேய்த்த பாட்டிக்குத் தெரிந்த எல்லை எந்த வரைபடத்திலும் இல்லாமல் போகலாம். அதை எழுதிவைப்பது நம் கடமை.

எழுதிவைத்தால் அது அலமாரியில் தூங்கும் எழுத்தாக இருக்காது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் பழங்குடியினருக்குத் தனி உரிமையோடு சமூக உரிமையையும் ஏற்கிறது. மேய்ச்சலும் அதில் சேர்த்தி. கோரிக்கையைத் தொடங்க வேண்டியது கிராம சபை. சான்றாக முதியோரின் வாக்குமூலத்தையும் அந்தச் சட்டத்தின் விதிகள் ஏற்கின்றன. ஊர்ப் பொதுநிலங்களின் ஆக்கிரமிப்பை அகற்றி அவற்றை ஊருக்கே மீட்டுத்தரத் திட்டம் வகுக்கும்படி எல்லா மாநிலங்களுக்கும் உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் உத்தரவிட்டிருக்கிறது. அந்தச் சட்டமும் இந்தத் தீர்ப்பும் கையில் இருக்கும்போது, நம்மிடம் குறைவது ஊர்வாரியான எழுத்துச் சான்றுதான். நேப்பியர் ஆணையத்தின் முன் ஸ்காட்லாந்துக் குடியானவர்கள் சொன்னவை அச்சாகி நின்றதால்தான் பின்னால் வந்தவர்கள் அவற்றைக் காட்டி உரிமை கேட்டார்கள்.

ஆகவே இந்த அவையில் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். இந்த அறக்கட்டளையின் வருவாயில் ஒரு பகுதியை ஆண்டுதோறும் மலையில் பிறந்த ஒரு மாணவிக்கோ மாணவனுக்கோ கொடுங்கள். ஆண்டுக்கு ஓர் ஊர் போதும். அந்த ஊரின் பொதுநிலங்களைப் பற்றி ஒரு சிறுநூல் அவர் எழுதட்டும். அதைக் கிராம சபையில் உரக்கப் படிக்கட்டும். பிழை இருந்தால் ஊரார் அங்கேயே திருத்தட்டும். திருத்திய பிறகு அச்சாகட்டும். பத்தாண்டில் பத்து ஊரின் நிலக்கணக்கு மக்களின் கையில் இருக்கும். நாளைக்கு உல்லாச விடுதிக்கோ, ஒருவேளை கோல்ஃப் திடலுக்கோ இந்த மலையில் இடம் கேட்டு யாராவது வந்தால், பேச்சுவார்த்தை அந்தச் சிறுநூலை மேசையில் வைத்துத் தொடங்கட்டும். அஸ்கர்னிஷ் மக்கள் தங்கள் நிலத்தைப் பற்றித் தாங்களே பேசும் நிலைக்கு வர ஒரு நூற்றாண்டுக்கும் மேல் ஆயிற்று. பச்சைமலை மக்கள் அத்தனை காலம் காத்திருக்க வேண்டியதில்லை.